ஐந்து சதுர மீட்டர் பட்டம்

எதையும் செய்வதற்கு முன் அதன் விளைவுகளைச் சீர்தூக்கிப் பார்ப்பவர்கள் தவறு செய்வதில்லை என்றொரு நம்பிக்கை உலகில் இருக்கிறது. அதைப் பரப்பி வருபவர்கள் பெரும்பாலும் அப்படிச் சீர்தூக்கிப் பார்ப்பவர்களே. நானும் அவர்களில் ஒருத்தி என்பதால் பொறுப்புணர்ச்சியுடன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். யோசிக்காமல் செயல்படுகிறவர் முழங்கையைச் சிராய்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வார். முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, மூன்று வரிசை பேண்டேஜ் துணியையும் உடம்பில் சுற்றிக்கொண்டு, சொந்தச் சித்தப்பாவின் வேலைக்கும் உலை வைக்க, ஆழ்ந்து யோசித்திருக்க வேண்டும்.

சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் பெற்று நான் இராஜபாளையம் திரும்பியிருந்த நேரம் அது. என் சித்தப்பா ஊருக்கு வெளியே இருந்த ஒரு பேண்டேஜ் துணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அங்கு வேலை பார்த்த பெண்கள் வாரத்தில் ஆறு நாள் முதலாளியின் துணியை வெளுத்துக் காயப்போட்டார்கள்; ஏழாவது நாள் தங்கள் வீட்டுத் துணியைத் துவைத்துக் காயப்போட்டார்கள். அதே ஞாயிற்றுக்கிழமையில் அவர்கள் வீட்டு ஆண்கள் கிரிக்கெட் ஆடினார்கள். இந்த அநீதி என் தூக்கத்தைக் கெடுத்தது. (மத்தியானத் தூக்கத்தைத்தான். ராத்திரி நல்லாவே தூங்குவேன்.)

ஆகவே, பெண் தொழிலாளர்களுக்கான ஞாயிறு விளையாட்டுக் குழு ஒன்றை அமைப்பதென முடிவு செய்து, ஏழு பக்கத்தில் திட்ட அறிக்கை எழுதி, தொழிற்சாலையை ஒட்டிய காலி நிலத்தைக் கேட்டு முதலாளியிடம் நீட்டினேன். அவர் அட்டையை மட்டும் பார்த்தார்.

"வெளயாடிக்கோங்கம்மா. ஆனா பக்கத்துலதான் துணி காயப்போடுற எடம். அது ஆஸ்பத்திரிக்குப் போற துணி. அதுல ஒரு தூசி பட்டுச்சுன்னா அன்னைக்கோட சரி."

"அதெல்லாம் என் பொறுப்பு மொதலாளி," என்றார் சித்தப்பா. இருபது வருட உழைப்பில் சேர்த்த நம்பிக்கை முழுவதையும் அந்த ஒரு வாக்கியத்தில் அவர் எனக்காகப் பணயம் வைத்தார். அதன் கனம் எனக்கு அன்று உறைக்கவில்லை.

முதல் ஞாயிறன்று பதினோரு பெண்கள் வந்தார்கள். மதில் நிழலில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் பந்தைக் காட்டினேன். அவர்கள் பந்தைப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவரும் வாயாடியுமான முத்துமாரி அக்காதான் கடைசியில் பேசினார்.

"இங்கரு மதி, ஒண்ணத் தூக்கிப் போடதும் அது கீழ விழாமப் புடிக்கதும் எங்களுக்கு வீட்லயே இருக்கு. ரெண்டு வயசுல ஒண்ணு, நாலு வயசுல ஒண்ணு. அடுத்த வாரம் வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லியனுப்பு, வாரோம்."

அடுத்த வாரமும் ஒன்றுமில்லையென்றால் குழு அத்தோடு கலைந்துவிடும். அந்தக் கவலையில் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் காணொளி கண்ணில் பட்டது. ஏதோ ஒரு கடற்கரையில் ஒரு பெண் காற்று மெத்தை போன்ற பெரிய பட்டமொன்றை இரு கைப்பிடிகளால் பிடித்து நிற்கிறாள். அது வலமும் இடமும் பாய்கிறது. அவள் பின்னால் சாய்ந்து சிரிக்கிறாள். நம்மூர்ப் பட்டத்தை நாம் இழுக்கிறோம், இந்தப் பட்டமோ நம்மை இழுக்கிறது, வித்தியாசம் அவ்வளவுதான். வாலில்லை, சூத்திரக் கயிறில்லை. ஒரு பெண் காற்றையே கையில் பிடித்து நிற்கும் காட்சியைவிட விடுதலைக்குச் சிறந்த குறியீடு ஏது? வாங்குவதென்று தீர்மானித்தேன்.

கடைப் பக்கத்தில் நான்கு அளவுகள் இருந்தன: ஒன்றரை, இரண்டரை, மூன்றரை, ஐந்து சதுர மீட்டர். திருவில்லிபுத்தூரில் இருந்த என் கல்லூரித் தோழி ஸ்டெல்லா கடற்கரை முகாமொன்றில் இத்தகைய பட்டத்தை விட்டுப் பழகியவள். அவளுக்குப் போன் செய்தேன்.

"சைஸ் கேக்கதுக்கு முன்னால ஒன் வெயிட்டச் சொல்லுட்டி," என்றாள்.

"நாற்பத்து நாலு."

"அப்பம் ஒன்றரை. மிஞ்சிப் போனா ரெண்டரை. அதையும் காத்து கம்மியா இருக்கப்பதான் விடணும். பெரிசு எடுத்தேன்னு வையி, அதுதான் ஒன்ன விடும்."

நான் அந்த அறிவுரையை உடனே ஏற்கவில்லை; பரிசீலித்தேன். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, இந்தப் பட்டத்தால் பறவைகள், மின்கம்பிகள், சுற்றுச்சூழல், பாலினச் சமத்துவம் ஆகியவற்றுக்கு நேரக்கூடிய விளைவுகளை நான்கு நிற மையில் எழுதினேன். சிறிய பட்டத்தை ஒரு சமயத்தில் ஒருத்திதான் பிடிக்க முடியும். மற்றப் பத்துப் பேரும் வேடிக்கை பார்க்க நேரும். அது வாய்ப்பை ஒருவரிடமே குவிப்பதாகும். பெரிய பட்டமானால் மூன்று பேர் சேர்ந்து பிடிக்கலாம். கூட்டுச் செயல்பாடு வளரும். ஆக, சமூக நீதி ஐந்து சதுர மீட்டரின் பக்கம் நின்றது. அந்தத் தாளில் எனக்கென்று ஒரு கட்டம் இல்லாததை நான் கவனிக்கவில்லை.

எஞ்சியிருந்த சிறு தயக்கத்தைச் சித்தப்பா தீர்த்துவைத்தார். அவர் பட்டத்தைப் பட்டமாகப் பார்க்கவில்லை, துணியாகப் பார்த்தார்.

"துணி எடுத்தாக் கூடத்தான் எடுக்கணும். முதத் தண்ணில சுருங்கிரும்லா."

"இதைத் துவைக்க மாட்டோம் சித்தப்பா."

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாக. அஞ்சு மீட்டர்லாம் ஒரு துணியா? நம்ம காஸ் துணி நூறு மீட்டர் காயுது, ஆடிக் காத்துல என்னைக்காச்சும் ஆளத் தூக்கிருக்கா? காத்து இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போயிரும்."

காஸ் துணி என்பது பேண்டேஜுக்காகக் கண்ணுக்குக் கண் இடைவெளி விட்டு நெய்யப்படும் சல்லடை என்பதும், பட்டத்துணி காற்றை ஒரு துளியும் விடாதபடி நெய்யப்படுவது என்பதும் எங்கள் இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் காற்றுப் புகும் துணியையே தொட்டுவந்த ஊரில் மட்டுமே நிகழக்கூடிய பிழை இது.

ஞாயிறு வந்தது, ஆடிக் காற்றும் வந்தது. மேற்கே மலை இடுக்கிலிருந்து புறப்பட்டு வரும் அந்தக் காற்று நகரப் பேருந்தின் படுதாவையெல்லாம் படபடவென அடித்துக்கொண்டிருந்தது. 'நல்ல காற்று' என்று நான் மகிழ்ந்தேன். அவசர ஆர்டர் என்பதால் அன்று பாதிப் பெண்கள் வேலைக்கும் வந்திருந்தார்கள். நிலத்தின் கிழக்குப் பாதியில் மூங்கில் நட்டுக் கயிறு கட்டி, வெளுத்த துணியை வரிசை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். துணிக்கு ஆபத்து வரக்கூடாதல்லவா? அது எப்போதும் என் கண்ணெதிரிலேயே இருக்கட்டும் என்று திட்டமிட்டு, மேற்குப் பக்கத்தில், துணியைப் பார்த்தபடி நின்றேன். அதாவது, காற்று என்னை இழுக்கும் திசையில் துணி சரியாக நேரே இருக்கும்படி.

முதல் பேருந்தைப் பிடித்து வந்திருந்த ஸ்டெல்லா பையைப் பிரித்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அஞ்சா? ஏட்டி, இது ஆம்பளைகளே தயங்குற சைசு. மடிச்சி வையி!"

"ஒருமுறை காட்டிவிட்டு வைத்துவிடுகிறேன்," என்றேன். பதினோரு பெண்கள் மதிலோரம் உட்கார்ந்திருந்தார்கள். இந்த முறையும் ஏமாற்றினால் திரும்ப வரமாட்டார்கள் என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. மணிக்கட்டுப் பட்டைகளை மாட்டிக்கொண்டு கைப்பிடிகளை இழுத்தேன்.

பட்டம் எழுந்தது. அது எழுந்த அழகை நான் கால் நொடி ரசித்தேன். அடுத்த கால் நொடியில் என் செருப்புகள் இரண்டும் என்னைவிட்டுப் பிரிந்தன. நடந்தேன், ஓடினேன், அதன்பின் கால்களுக்கு வேலையில்லாமல் போயிற்று. செம்மண் தரையில் வயிறு உரச, நிலத்தை உழுதுகொண்டே கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன்.

"கைய விடுட்டி!" என்று ஸ்டெல்லா அலறினாள்.

விட்டிருக்கலாம். ஆனால் இழுபட்டுக்கொண்டிருந்த அந்த நிலையிலும் நான் விளைவுகளைச் சீர்தூக்கினேன். விட்டால் பட்டம் மின்கம்பியில் விழலாம். செங்கோட்டை ரயில் பாதையில் விழலாம். சாலையில் போகும் ஒருவரின் முகத்தை மூடலாம். பொறுப்புள்ள ஒரு குடிமகளாக நான் விடவில்லை. (கையை விட்டால் பட்டை இழுத்துக் காற்றிறங்கி, பட்டம் தானாக அந்த இடத்திலேயே படுத்துவிடும் என்று கையேட்டின் நான்காம் பக்கத்தில் போட்டிருந்தது. நான் படித்தது மூன்றாம் பக்கம் வரைக்கும்.)

"ஏட்டி, அவ காலப் புடிங்கட்டி!" என்றது முத்துமாரி அக்காவின் குரல். ஒரு காலை அவரும் மறு காலை இன்னொருத்தியும் பிடித்தார்கள். பட்டம் தயங்கவில்லை, மூவரையும் இழுத்தது. மூன்று பேர் சேர்ந்து பிடிக்கலாம் என்ற என் கணிப்பு இவ்வகையில் மெய்ப்பட்டது.

பக்கவாட்டிலிருந்து சித்தப்பா இரு கைகளையும் விரித்தபடி ஓடி வந்தார். என்னைத் தாங்கிக்கொள்ள வருகிறார் என்று நெகிழ்ந்தேன். "துணி! துணி!" என்று கத்திக்கொண்டே அவர் என்னைத் தாண்டி ஓடினார்.

முதல் வரிசை முகத்தில் மோதியது. இரண்டாவது கழுத்தில் சுற்றியது. மூன்றாவதில் கைகள் சிக்கிக் கைப்பிடிகள் நழுவின. உடனே பட்டம் நாலு எட்டுத் தள்ளி, ஒன்றுமறியாத பிள்ளை மாதிரி படுத்துக்கொண்டது. சித்தப்பா முதலில் துணியைத் தூக்கினார். அதற்குள் ஏதோ கனப்பதை உணர்ந்து, பிறகே என்னைத் தூக்கினார்.

முழங்கை இரண்டிலும் ரத்தம். கழுத்துவரை பேண்டேஜ் சுற்றியிருந்த நான் அதன் ஒரு நுனியால் ரத்தத்தைத் துடைக்கப் போனேன்.

"அதத் தொடாத! அது இன்னும் ஸ்டெரைல் பண்ணாதது!" என்றார் சித்தப்பா. ஊர் உலகத்துக்கெல்லாம் கட்டுத்துணி அனுப்பும் அந்த இடத்தில் என் காயத்துக்குக் கட்ட ஒரு முழம் துணி கிடைக்கவில்லை. ஸ்டெல்லாதான் மருந்துக்கடைக்கு ஓடினாள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் செம்மண் படிந்த துணியைப் பார்த்தார். அதற்குள் இருந்த என்னைப் பார்த்தார். குனிந்து, கீழே கிடந்த பட்டத்தின் ஓரத்தை இரு விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"நல்ல நெருக்கமான நெசவு," என்றார். பிறகு நிமிர்ந்தார். "நான் சொன்னது ஞாபகம் இருக்கா? அன்னைக்கோட சரி. இனிமே இந்த எடம் கெடையாது." சித்தப்பா தலைகுனிந்து நின்றார். வீட்டில் எங்களையெல்லாம் அதட்டுகிற மனிதர் அப்படி நின்றதைப் பார்த்தபோது முழங்கை வலி பெரிதாகத் தெரியவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வாயில் மண்.

முத்துமாரி அக்கா தன் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டே முன்னால் வந்தார். "மண்ணு பட்டது தப்புத்தான் மொதலாளி. நாளைக்கே நாங்க திரும்ப வெளுத்துத் தாரோம். ஆனா வெளயாட எடமில்லன்னா, ஞாயித்துக்கெழமை இங்க எங்களுக்கு என்ன சோலி? துணி காயப்போட நீங்களே வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

"ஆமா," என்றார்கள் மற்றப் பத்துப் பேரும். சிரித்துச் சிரித்துக் கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டே சொன்னாலும், உறுதியாகத்தான் சொன்னார்கள்.

பெண்கள் தங்கள் விளையாட்டு உரிமையைத் தாங்களே கேட்டுப் பெறுவார்கள் என்று என் அறிக்கையின் ஏழாம் பக்கத்தில், மூன்றாம் ஆண்டின் இலக்காக எழுதியிருந்தேன். அது இரண்டாவது ஞாயிறே நடந்துவிட்டது. அதில் என் பங்களிப்பு வயிற்றால் நகர்ந்தது மட்டுமே.

முதலாளி துணியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, வெளயாடுங்க. மேக்காம இல்ல, அந்தத் தெக்கு மூலைல. ஆனா இந்தப் பட்டம் என் பீரோவுக்குள்ள இருக்கும்." சித்தப்பாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பட்டத்தைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறன்று செட்டியார்பட்டியிலிருந்தெல்லாம் ஆள் திரட்டிக்கொண்டு முப்பது பெண்கள் வந்தார்கள். நான் பறப்பதைப் பார்க்க வந்தவர்கள் அவர்கள். பட்டம் இல்லையென்றதும் பெரிதும் ஏமாந்தார்கள். "வந்ததுதான் வந்துட்டோம், அந்தப் பந்தையாவது எடு," என்றார் முத்துமாரி அக்கா. அன்று தொடங்கிய ஆட்டம் இன்றும் நடந்துவருகிறது.

சென்ற ஆனியில் எனக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வெளியூர், இந்தக் கதை அவருக்குத் தெரியாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மணவறையைச் சுற்றி வருகையில் சித்தப்பா அவர் காதருகே போய், மண்டபம் முழுக்கக் கேட்கும் ரகசியக் குரலில் சொன்னார்: "கெட்டியாப் புடிச்சிக்கோங்க மாப்ள. ஆடி பொறக்கப் போகுது."

பெண்கள் வரிசை மொத்தமும் வெடித்துச் சிரித்ததில் நாயனக்காரர் ஒரு கணம் வாசிப்பை விட்டுவிட்டார். அந்தக் கணத்தில் எடுத்த படம் எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருக்கிறது. படத்தில் எல்லோரும் சிரிக்கிறார்கள். மாப்பிள்ளை மட்டும், என்னவென்று புரியாத பயத்தில், என் கையைத் தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.