கொழுப்பே துணை

காசிராஜன் ஒரு திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குச் சோற்றைத் துறந்தார்.

சும்மா துறக்கவில்லை. எட்டாவது இட்லியை விழுங்கி, கையைக் கழுவி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மனைவி ஜெயசித்ராவை அடுப்படியிலிருந்து வரவழைத்து, முறைப்படி அறிவித்துவிட்டுத்தான் துறந்தார்.

"ஏட்டி, இன்னையோட சரி. இனிமே எனக்கு அரிசி கிடையாது. அது அரிசி இல்ல, எதிரி."

"இட்லி?"

"எதிரிக்குத் தம்பி."

"தோசை?"

"தங்கச்சி."

"பொறவு என்னத்தத் திம்பிய?"

"கறி" என்றார் காசிராஜன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவர் குரல் தானாகக் குழைந்தது.

"தினமுமா?"

"தினமும்."

"வெள்ளிக்கெழமையுமா?"

"மருந்துக்கு ஏதுட்டி வெள்ளி, செவ்வா?"

விஷயமே இங்கேதான் இருந்தது. ஜெயசித்ராவின் ஆட்சியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் கறி. மற்ற கிழமைகளை அவள் சாமிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருந்தாள். மிச்சம் மீதியை அமாவாசையும் கார்த்திகையும் எடுத்துக்கொண்டன. இருபத்தாறு வருஷமாக காசிராஜன் கெஞ்சிப் பார்த்தார், கோபித்துப் பார்த்தார், ஒருமுறை மாமியார் வீட்டிலேயே முறையிட்டும் பார்த்தார். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் கைபேசிதான் அவருக்கு ஆயுதம் கொடுத்தது. அரிசி, கோதுமை, சர்க்கரை எல்லாவற்றையும் அடியோடு நிறுத்திவிட்டுக் கறியும் முட்டையும் வெண்ணெயும் தின்றால் உடம்பு இளைக்கும், சர்க்கரை நோய் ஊரைவிட்டே ஓடும் என்று ஒருவர் வீடியோவில் சொன்னார். அந்த வீடியோவுக்குக் கீழே இருந்த 'கொழுப்பே துணை' வாட்ஸ்அப் குழுவில் காசிராஜன் அன்றே சேர்ந்துவிட்டார். குழுவுக்கு நாற்பத்தேழு விதிகள். மூன்றாவது விதி, 'கறி வயிறு நிறையச் சாப்பிடலாம்' என்றது. அதற்கு மேல் படிக்க அவருக்குத் தோன்றவில்லை. ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

ஜெயசித்ரா முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இதுக்குப் பேரென்ன சொன்னிய?"

"கீட்டோ."

"கீட்டோ சரி. டாக்டர்ட்ட கேட்டோமா?"

காசிராஜனின் முகம் சுருங்கியது. அவருக்குச் சர்க்கரை இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டாக்டரம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்க்க வரச் சொன்னார். காசிராஜன் அந்தச் சீட்டை லேமினேட் செய்தார். செய்து, அதையே மருந்துக் கடையில் காட்டிக் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார். ஊசியென்றால் அவருக்கு ஆகாது. மின்சாரச் சாமான் கடை வைத்திருப்பவர். ஷாக் அடித்தால் சிரிப்பார். ஊசி முனையைக் கண்டால் வியர்த்துவிடும்.

"டாக்டருக்கு என்னட்டி தெரியும்? அவிய எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் சொல்லுறதச் சொல்லுவாவ. கொழுப்பக் கொழுப்பாலதான் கரைக்கணும்."

"ஒங்க கொழுப்பு எதுலயும் கரையாது" என்றவள், செத்த நேரம் யோசித்தாள். பிறகு, "சரி, செஞ்சிருவோம்" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயிப்போம் என்று காசிராஜன் எதிர்பார்க்கவில்லை. பஞ்சு மார்க்கெட் பக்கத்துக் கடைக்கு அன்று அவர் விசில் அடித்துக்கொண்டே போனார்.

மறுநாள் மத்தியானம் டப்பாவைத் திறந்தார். காலிஃப்ளவர் இருந்தது. கிண்டிப் பார்த்தார். அடியிலும் காலிஃப்ளவர்தான். ஓரத்தில் நாலு துண்டு பன்னீர், ஒரு தேங்காய்ச் சில்லு.

போன் போட்டார். "ஏட்டி, கறி எங்க?"

"நானும் ஒங்க குரூப்புல சேந்துட்டேன்" என்றாள் ஜெயசித்ரா உற்சாகமாக. "நாப்பத்தேழு விதியும் படிச்சிட்டேன். பத்தொம்பதாவது விதியப் பாக்கலியா? மாத்திர சாப்புடுதவங்க மொதல்ல ரத்தம் பரிசோதிக்கணும். முடிவு வாரவரைக்கும் கறி கெடையாது, சைவப் பட்டியல்தான். நாளைக்கே போயி ரத்தம் குடுத்துருவமா?"

"ரத்தமா?"

"ரெண்டு சிரிஞ்சுதான் எடுப்பாவளாம்."

காசிராஜன் காலிஃப்ளவரைச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு விதிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. டீக்குச் சர்க்கரை கேட்டார். ஆறாவது விதி குறுக்கே நின்றது. மாம்பழம் கேட்டார், பதினொன்றாவது விதி. சித்திரை மாதம் அது. ராஜபாளையம் முழுக்கச் சப்பட்டை மாம்பழம் மணந்தது. அவர் கடைக்கு அடுத்த கடை அபுதாஹிரின் பழக்கடை. காலையில் ஷட்டரைத் தூக்கினால் வாசம் வந்து கன்னத்தைத் தடவியது. காசிராஜன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஃபேன் விற்றார்.

இருபத்திரண்டாவது விதிதான் கொடுமை. தினமும் நாற்பது நிமிஷம் நடக்க வேண்டுமாம். "தேட்டருக்குள்ள டிக்கெட் எடுக்காமப் போனா விடுவானா? நடக்காம கீட்டோ கெடையாது" என்று சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை காலை, வாடிக்கையாளர் ஒருவருக்கு மேல் தட்டிலிருந்து மிக்ஸி பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறினார் காசிராஜன். கை நடுங்கியது. சட்டை தொப்பலாக நனைந்தது. கடையிலிருந்த இருபது ஃபேனும் ஓடாமலேயே சுற்றின. வாடிக்கையாளர் தாங்கிப் பிடித்து உட்காரவைத்துவிட்டுக் கத்தினார்.

அபுதாஹிர் ஒரு தம்ளர் மாம்பழ ஜூஸோடு ஓடி வந்தார். "அண்ணாச்சி, மொதல்ல இதக் குடிங்க. எங்க வாப்பாவுக்குச் சர்க்கர கொறையும்போது இப்படித்தான் வரும்."

"பதினொண்ணாவது விதி..." என்று முனகினார் காசிராஜன்.

"விதி பொறவு வரட்டும். குடிங்க!"

குடித்தார். பத்து நிமிஷத்தில் உலகம் நின்ற இடத்தில் நின்றது. வீட்டுக்குத் தகவல் போய், ஜெயசித்ரா ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. காசிராஜன் நெஞ்சை நிமிர்த்தி, "ஒண்ணுமில்லட்டி, கொழுப்பு கரையுது. அந்தச் சூடு" என்றார்.

அவள் அவருடைய பைக் சாவியை எடுத்துத் தன் பர்ஸில் போட்டுக்கொண்டாள்.

வெளியே வீரமாகப் பேசினாலும் காசிராஜனுக்கு உள்ளுக்குள் உதறல் எடுத்திருந்தது. இந்த ஆட்டம் வேண்டாம் என்று அன்றே முடிவெடுத்துவிட்டார். ஆனால் எப்படி வெளியே வருவது? தானே பிரகடனம் செய்த போரைத் தானே வாபஸ் வாங்கினால் மரியாதை என்ன ஆகும்? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். அறிவியலை அறிவியலால் அடிப்பது. கைபேசியில் எதிர்க்கட்சி வீடியோக்களைத் தேடினார். ஏராளமாக இருந்தன. சனிக்கிழமை காலை, கூடத்தில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கும்படி ஒன்றை ஓடவிட்டார்.

"கேட்டியாட்டி? சோத்த அடியோட நிறுத்துனா கிட்னிக்குச் செரமமாம்!"

"அப்படியா?" அவள் காலிஃப்ளவரைச் சன்னமாகத் துருவிக்கொண்டிருந்தாள். "அது மருந்துக் கம்பெனிக்காரன் சொல்லுறது. நீங்கதான சொன்னிய?"

"பித்தப்பைல கல்லு விழுமாம்!"

"விழட்டும். தோசதான் கெடையாது, கல்லாவது இருக்கட்டும்."

"ஏட்டி, மலச்சிக்கல் வரும்னு ஒரு பெரிய டாக்டரே சொல்லுதாரு!"

"டாக்டருக்கு என்ன தெரியும்?"

"வெளிநாட்டுல ஆராய்ச்சி பண்ணிருக்கான். மாவுச்சத்து ரொம்பக் கொறஞ்சாலும் ஆபத்து, ரொம்பக் கூடுனாலும் ஆபத்து. நடுவுல இருக்குறவன்தான் நல்லா இருக்கானாம்!"

"அவன் நம்மூரு ஆள ஆராய்ச்சி பண்ணலைல்லா? நாம ஆரம்பிச்சத விடக் கூடாதுங்க. நீங்க எம்புட்டு ஆசையா ஆரம்பிச்சிய!"

பேச்சுக்குப் பேச்சு, அவருடைய சொற்களையே எடுத்து அவர்மேல் எறிந்தாள். இப்படி நாலு நாள் நடந்தது. அவர் கத்தக் கத்த, அவள் கீட்டோவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தட்டில் காலிஃப்ளவர் மட்டும் எப்படியோ ருசியாகிக்கொண்டே வந்தது. வயிறும் கொஞ்சம் நிறைந்தது. மயக்கமும் திரும்பி வரவில்லை. ஆனால் காசிராஜனுக்கு ருசியா முக்கியம்? வாதத்தில் ஜெயிக்க வேண்டும்.

புதன்கிழமை காலை அவர் மேசையில் அடித்தார்.

"இந்த வழக்கு ஒன் கிட்டயும் தீராது, என் கிட்டயும் தீராது. கெளம்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். அந்த டாக்டரம்மா சொல்லட்டும், யாரு சொல்லுதது சரின்னு!"

"டாக்டர்ட்டயா?" ஜெயசித்ரா தயங்கினாள். "எதுக்குங்க? எனக்குத் துணி தொவைக்கக் கெடக்கு."

"பயப்படுத! நீ தோத்துருவன்னு பயப்படுத!"

"போனா ரத்தம் எடுக்கச் சொல்லுவாவ..."

"எடுக்கட்டும்!" என்று கர்ஜித்தார் காசிராஜன். "உண்மைக்காக ரெண்டு சிரிஞ்சு என்ன, ஒரு குடம் குடுப்பேன்!"

அவள் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தாள். பின்னால் உட்கார்ந்து, வெறும் வயிற்றோடு, வெற்றியை நோக்கிப் பயணமானார் காசிராஜன்.

ரத்தம் எடுக்கும்போது கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். ஆனால் கையை இழுக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து முடிவு வந்தது. டாக்டரம்மாவின் மேசைக்கு முன்னால் உட்கார்ந்ததும் அவரே முந்திக்கொண்டார்.

"டாக்டர், பத்து நாளா ஒரு பருக்கை கூட நாக்குல படல. இப்படிச் சோத்த அடியோட நிறுத்துறது ஆபத்தா, இல்லையா? இவளுக்குக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"உங்களுக்கு ஆபத்துதான்" என்றார் டாக்டரம்மா.

காசிராஜன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருபத்தாறு வருஷம் இருந்தது.

"சோறைக் குறைச்சா சிலருக்கு நல்ல பலன் இருக்கு. இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு குறைக்கலாம், எத்தனை நாளைக்குங்கிறதுலதான் டாக்டர்களுக்குள்ளயே சண்டை. ஆனா சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கிட்டு, யாரையும் கேக்காம, திடீர்னு சோத்தை நிறுத்தினா சர்க்கரை தரைக்கு இறங்கிடும். வண்டி ஓட்டும்போது அப்படி ஆகியிருந்தா என்ன ஆகும்?"

"கேட்டியா? கேட்டியாட்டி?"

"நல்லவேளை, உங்களுக்கு மயக்கம் வந்த மறுநாளே உங்க வீட்டுக்காரம்மா இங்க வந்தாங்க" என்ற டாக்டரம்மா ஜெயசித்ரா பக்கம் திரும்பினார். "மாத்திரையை நான் சொன்ன மாதிரி பாதியா உடைச்சுத்தானே கொடுத்தீங்க?"

"ஆமா டாக்டர். அவுக போனப் பாத்துக்கிட்டேதான் முழுங்குவாவ. தெரியாது."

"சாமை?"

"மூணு வேளையும். காலிஃப்ளவரத் துருவி, சரிக்குச் சரி சாமச் சோத்தக் கலந்துட்டேன். பாசிப்பருப்பும் சேத்துக்கிட்டேன்."

காசிராஜன் விரல்விட்டு நாளை எண்ணினார். ஐந்து நாளாகச் சோற்றைத் தின்றுகொண்டே சோறு கொடு என்று கத்தியிருக்கிறார்.

"பொறவு எதுக்குட்டி அம்புட்டு நேரம் என்கூட வாதாடுன?" என்றார் கடைசியில், பாதிக் குரலில்.

"நான் டாக்டர்ட்ட வாங்கன்னா வருவியளா? ரெண்டு வருசமா வந்தியளா?" அவள் குரல் லேசாக உடைந்தது. "ஸ்டூல்லேருந்து விழுந்திருந்தா நான் யாருகிட்டங்க போயி வாதாடுவேன்?"

காசிராஜன் லேமினேட் செய்த பழைய சீட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார்.

டாக்டரம்மா தீர்ப்பை எழுதினார். மாத்திரை மாறியது. மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, இரண்டு கிண்ணம் காய். ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடுதலாக இருப்பதால் கறி ஞாயிற்றுக்கிழமை மட்டும், நாலு துண்டு. தினமும் நாற்பது நிமிஷ நடை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி.

வெளியே வெயில் ஏறியிருந்தது. சீட்டை நாலுமுறை படித்தார் காசிராஜன். ஆனாலும் சோற்றை நிறுத்தினால் ஆபத்து என்றுதானே டாக்டர் சொன்னார்? தான் சொன்ன கட்சிதானே ஜெயித்தது? நினைக்க நினைக்க நெஞ்சு மறுபடி நிமிர்ந்தது.

"எப்படிப் பாத்தாலும் நான்தான் ஜெயிச்சேன்" என்றார்.

"நீங்கதான் ஜெயிச்சிய" என்று மனதார ஒப்புக்கொண்டாள் ஜெயசித்ரா. சீட்டை வாங்கி மடித்துப் பர்ஸுக்குள் வைத்தாள். ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "மடவார்வளாகம் வரைக்கும் நடந்து வாங்க. நான் மெதுவா பின்னாலயே வாரேன்."

கால் மணி நேரம் கழித்து, ராஜபாளையம் சாலையோரமாக வேட்டியை மடித்துக் கட்டி விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்த காசிராஜனுக்கு எதிரே ஒரு பைக் வந்து நின்றது. கடைக்கு வழக்கமாக வரும் சேத்தூர் எலெக்ட்ரீஷியன் பொன்னுராஜ்.

"என்ன அண்ணாச்சி, வேகாத வெயில்ல நடந்து போறிய? மதினி வேற பின்னாலயே உருட்டிக்கிட்டு வாராவ. வண்டியில ஏதும் கோளாறா?"

காசிராஜன் நெற்றி வியர்வையை வழித்து எறிந்துவிட்டுக் கம்பீரமாகச் சொன்னார்:

"இல்லப்பா. ஒரு வாதத்துல ஜெயிச்சுட்டேன்."