பச்சை வடையும் ஆறு நோயாளிகளும்

பயந்தவர்கள் எல்லோரும் கவனமானவர்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பொய் என்பதற்கு நானே சாட்சி. நான் பிறவியிலேயே பயந்தவள். வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டைக் கடைசி வரி வரை வாசித்து, அதில் எழுதியிருக்கும் பக்க விளைவுகளில் பாதியையாவது அன்று மாலைக்குள் அனுபவித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான்தான் ஓர் ஏப்ரல் சனிக்கிழமை, என்னையும் சேர்த்து ஆறு பேரை ஒரு தட்டு வடையால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தேன்.

எட்டு வருடங்களுக்கு முந்திய கதை. ஜேர்மனியில், டுசல்டோர்ஃபில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில் இருக்கிறது. மண் என்று சொல்ல ஜன்னலோரத்தில் ஒரு கறிவேப்பிலைச் சாடி மட்டும் (அதுவும் ஒவ்வொரு குளிர்காலமும் செத்துச் செத்துப் பிழைக்கும்). நகரின் எல்லையில், ரயில் பாதையை ஒட்டி, வாடகைத் தோட்டங்கள் வரிசையாக இருக்கின்றன. கிளைன்கார்ட்டன் என்பார்கள். குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம், அதில் ஒரு சின்ன மரக்குடில், சுற்றி வேலி. விண்ணப்பித்துவிட்டு நாலு வருடம் காத்திருந்தோம். கடைசியில் கிடைத்தபோது சாவியோடு ஒரு புத்தகமும் தந்தார்கள். தோட்ட விதிகள்! வேலிச்செடி எவ்வளவு உயரம் வளரலாம், எந்த மரம் வைக்கக் கூடாது, உரக்குழிக்குள் எதைப் போடலாம், எல்லாம் அதில் இருந்தது. மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று மணி வரை ஓய்வு நேரம். ஒரு சத்தமும் கேட்கக் கூடாது. முதல் வருடம் சோதனைக் காலம். சங்கத் தலைவருக்குத் திருப்தி இல்லையென்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான்.

சங்கத் தலைவர் பெயர் ஹெர் வொல்ட்டர்ஸ். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் எங்கள் வேலியோரம் நடந்து போவார். பேச மாட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு மடிப்பு அளவுகோலை எடுத்து, வேலியை அளந்து, "ம்ம்" என்றுவிட்டுப் போவார். அந்த "ம்ம்" நல்லதா கெட்டதா என்று நானும் என் கணவர் குகனும் இரவுச் சாப்பாடு முடியும் வரை விவாதிப்போம்.

ஆனால் அந்த வசந்தம் தந்த சந்தோஷத்தையும் சொல்லத்தான் வேண்டும். எனக்குப் பல் கட்டும் பட்டறையில் வேலை. பகல் முழுவதும் ஊரார் பற்களைப் பார்த்துவிட்டு, மாலையில் பட்டாணி முளைகளைப் போய்ப் பார்ப்பதில் இருந்த சுகத்தை எப்படிச் சொல்ல? நேற்று வெறும் மண்ணாக இருந்த இடத்தில் இன்று பச்சையாக ஒரு கொக்கி. நாளைக்கு அது கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கும். நான் மண்ணைக் கிளறக் கிளற, செம்மார்புக் குருவி ஒன்று காலடிக்கே வந்து புழு பொறுக்கும். குகன் பஸ் ஓட்டுபவர். வேலை முடிந்து வந்தால் பத்து வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றிக்கொண்டு, முள்ளங்கி விதையை எவ்வளவு ஆழத்தில் போடுவது என்று அரை மணி நேரம் பேசுவார். நகத்துக்குள் மண்ணோடு வீட்டுக்கு வந்து படுத்தால், பூட்டை இழுத்துப் பார்க்கும் நினைவுகூட எனக்கு வராது.

குடிலுக்குப் பின்னால், ஹேசல் மர நிழலில், முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஒரு பாத்தி இருந்தது. ஏப்ரலில் அங்கே அகலமான பச்சை இலைகள் கூட்டமாக எழும்பின. பட்டறையில் என்னோடு வேலை செய்யும் பெண்ணிடம் படம் காட்டினேன். "பேர்லவுக்! அதிர்ஷ்டக்காரி நீ," என்றாள். ஓர் இலையைக் கசக்கி மணந்தேன். அசல் உள்ளி வாசம், வெள்ளைப்பூண்டேதான்! இந்தக் குளிர் நாட்டில், நான் விதைக்காமலே, உள்ளி மணக்கும் கீரை. அன்றே முடிவு செய்துவிட்டேன், வடைதான்.

அந்தச் சனிக்கிழமை, குகனின் அக்காவும் (எனக்கு மச்சாள்) அவருடைய கணவர் சிவம் அண்ணையும் தோட்டம் பார்க்க டோர்ட்முண்டிலிருந்து வருவதாக இருந்தது. அதோடு ஹெர் வொல்ட்டர்ஸையும் அவர் மனைவியையும் மதியத்துக்கு அழைத்தால், வடையைத் தின்றவர் சாவியைத் திருப்பிக் கேட்க மாட்டார் என்று கணக்குப் போட்டேன். காலையில் அவசர அவசரமாக இலை பிடுங்கினேன். முதல் நாலைந்து இலையை மணந்து பார்த்தேன். பிறகு இரண்டு கையாலும் வாரி வாரிச் சட்டிக்குள் போட்டேன். குடிலில் இருந்த சின்ன அடுப்பிலேயே கடலைப்பருப்பு வடை சுட்டேன். பெருஞ்சீரகம், பச்சை மிளகாய், நிறைய உள்ளி, அதற்கு மேல் ஒரு சட்டி பேர்லவுக். வடை பச்சைப் பசேல் என்று வந்தது.

ஹெர் வொல்ட்டர்ஸ் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். (அளவுகோலை எடுத்துவிடுவாரோ என்று பயந்தேன்.) கடித்தார். "ம்ம்," என்றார். உடனே இன்னொன்றை எடுத்தார். இந்த "ம்ம்" நல்லதுதான் என்பதில் குகனுக்கும் எனக்கும் அன்று கருத்து வேறுபாடு இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஃப்ராவ் வொல்ட்டர்ஸ் கையில் மூன்றாவது வடையோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, குடிலுக்குப் பின்னாலிருந்து சிரித்தபடி வந்தார்.

"உங்கள் மைக்ளொக்சன் வந்துவிட்டதே! சின்னச் சின்ன வெள்ளை மணிபோல் பூக்கும். அழகு. ஆனால் கவனம், இலையிலிருந்து வேர் வரை நஞ்சு. ஒவ்வொரு வசந்தமும் யாராவது அதைப் பேர்லவுக் என்று நினைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். இரண்டு இலையும் ஒரே மாதிரி இருக்கும்."

சொல்லிவிட்டு வடையைக் கடித்தார்.

அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "இதோ வருகிறேன்" என்று குடிலுக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தொலைபேசியில் தேடினேன். குமட்டல், தலைசுற்று, இதயத் துடிப்பில் கோளாறு. வாசித்து முடிப்பதற்குள் மூன்றும் எனக்கு வந்துவிட்டன. வெளியே வந்து, முதல் வேலையாகத் தட்டைத் தூக்கினேன்.

"ஆறிவிட்டது, சூடாக்கிக்கொண்டு வருகிறேன்," என்றேன்.

"எனக்கு ஆறினால்தான் பிடிக்கும்," என்று ஹெர் வொல்ட்டர்ஸ் தட்டின் மறு விளிம்பைப் பிடித்தார். கொஞ்ச நேரம் இருவரும் இழுத்தோம். அவர் கை பலமான கை.

"ஹெர் வொல்ட்டர்ஸ், உங்கள் இதயம் எப்படி இருக்கிறது?"

"நன்றாக இருக்கிறது. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

இப்படிக் கால் மணி நேரம் போனது. யாராவது இருமினால் என் உயிர் போய் வந்தது. சிவம் அண்ணை ஏப்பம் விட்டார்; நான் எழுந்து நின்றுவிட்டேன். ஹெர் வொல்ட்டர்ஸிடம் இன்னும் இரண்டு முறை இதயத்தை விசாரித்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாது, ஒருவேளை நல்ல இலையாகவே இருக்கும், சொன்னால் தோட்டம் போய்விடும் என்று எனக்குள் ஒரு கோழை மூச்சு விடாமல் வாதாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மச்சாள் கதிரையில் சாய்ந்தார்.

"சுபா, எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. தலையைச் சுத்துது."

"மச்சாள், வடைக்குள்ளை நஞ்சு!" என்று கத்திவிட்டேன்.

சிவம் அண்ணை வாய்க்குக் கொண்டுபோன வடையை அப்படியே இறக்கினார்.

"என்ன பிள்ளை, பகிடியோ?" என்றார் சிவம் அண்ணை.

"நீர் வடைக்குள்ளை என்ன போட்டனீர்?" என்று குகன் என் தோளைப் பிடித்தார்.

அழுதுகொண்டே சொன்னேன். பிறகு அதை ஜேர்மனிலும் சொல்ல வேண்டியிருந்தது. இருபது வருடமாகப் படித்த மொழி முழுவதும் அந்த நேரத்தில் உதிர்ந்துவிட்டது. "நான் உங்களுக்கு நஞ்சு கொடுத்தேன், தயவு செய்து மன்னிக்கவும்" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. கடைக்காரியிடம் ரசீது கேட்கிற அதே பணிவோடு.

நஞ்சு அவசர உதவி எண்ணுக்குக் குகன் அழைத்து, தொலைபேசியை என்னிடம் தந்தார். எதிர்முனைப் பெண் பதறாமல் கேட்டாள்: "இலையில் உள்ளி வாசம் இருந்ததா?"

கையை மணந்தேன். உள்ளி. சட்டியை மணந்தேன். உள்ளி. குகனின் சட்டையை மணந்தேன். அதுவும் உள்ளி. எங்கள் வீட்டில் உள்ளி மணக்காத பொருள் எதுவும் இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு எப்படி விளக்குவது?

"அம்புலன்ஸ் அனுப்புகிறோம். மிச்ச இலை இருந்தால் கொண்டு வாருங்கள்."

மிச்சத்தை நான் உரக்குழிக்குள் கொட்டியிருந்தேன். குகனும் ஹெர் வொல்ட்டர்ஸும் முழங்காலில் நின்று கிளறினார்கள். ஹெர் வொல்ட்டர்ஸ் ஒரு பிடி இலையையும் காம்பையும் எடுத்தார். அதோடு வேறொன்றையும் கையில் எடுத்து என்னைப் பார்த்தார்.

"சமைத்த சோறு. இதை உரக்குழிக்குள் போடக் கூடாது."

நஞ்சு தின்ற மனிதர் அதை மட்டும் விட்டுக் கொடுக்கவில்லை.

"எனக்கு நெஞ்சு வேற அடிக்குதப்பா," என்றார் மச்சாள்.

"நெஞ்சு அடிக்கட்டும். அடிக்காட்டித்தான் யோசிக்கோணும்," என்றார் சிவம் அண்ணை. ஆனால் அவர் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

இரண்டு அம்புலன்ஸ் வந்தன. மணி ஒன்றேகால். தோட்டங்கள் எல்லாம் ஓய்வு நேர அமைதியில் கிடந்தன. அந்த அமைதியைக் கிழித்துக்கொண்டு சைரன் அலற, வேலிக்கு வேலி தலைகள் எழும்பின. வயதைக் கருதி ஹெர் வொல்ட்டர்ஸை மட்டும் தூக்குப் படுக்கையில் படுக்க வைத்தார்கள். அவர் படுத்தபடியே கையை உயர்த்தி, "சத்தத்தை நிறுத்துங்கள். இது ஓய்வு நேரம்," என்றார். நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஆறு பேருக்கும் வரிசையாகக் கட்டில் போட்டு, நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். முன்னதாக நகை, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். ஹெர் வொல்ட்டர்ஸ் தன் கடிகாரத்தைக் கழற்றி, பக்கத்துக் கட்டிலில் இருந்த மனைவியிடம் நீட்டினார்.

"தினமும் காலையில் இதற்குச் சாவி கொடுக்க வேண்டும். மறந்துவிடாதே."

"நானும் மூன்று சாப்பிட்டிருக்கிறேன், மனுஷா. வேறு யாரிடமாவது கொடு," என்றார் ஃப்ராவ் வொல்ட்டர்ஸ்.

எத்தனை வடை சாப்பிட்டீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் டாக்டர் கேட்டுக் குறித்தார். கொழுப்பு கூடிவிட்டது என்று மச்சாள் எண்ணெய்ப் பலகாரத்தைத் தடை செய்திருந்ததால், சிவம் அண்ணை "ரெண்டு" என்றார். "சரியாகச் சொல்லுங்கள், உயிர் விஷயம்," என்றார் டாக்டர். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு, "ஒன்பது," என்றார். மச்சாளின் தலைசுற்று அந்த நொடியிலேயே நின்றுவிட்டது. "ஒன்பதோ!" என்று எழும்பி உட்கார்ந்த வேகத்தில் ஒரு வயர் கழன்று, மிஷின் கூவத் தொடங்கியது. அது ஓய்ந்ததும் ஹெர் வொல்ட்டர்ஸ் மெதுவாகச் சொன்னார்: "ஏழு. இன்னும் இரண்டு என் கோட்டுப் பையில் இருக்கின்றன."

எல்லோரும் உண்மை பேசும்போது நான் மட்டும் எப்படிச் சும்மா இருப்பது? "ஹெர் வொல்ட்டர்ஸ், எனக்குக் கால் மணி நேரம் முன்பே தெரியும். பயத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன்," என்றேன்.

அவர் கூரையைப் பார்த்தபடியே சொன்னார்: "மூன்று முறை என் இதயத்தை விசாரித்தீர்கள். அது உங்கள் நாட்டு மரியாதை என்று நினைத்தேன். பதிலுக்கு உங்கள் இதயத்தை விசாரிக்காமல் விட்டேனே என்று வருத்தமாகக்கூட இருந்தது."

டாக்டர் அந்த இலைகளோடு ஒரு தாதியை அழைத்து வந்தார். அவரும் தோட்டம் வைத்திருப்பவராம். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், கிள்ளி மணந்தார்.

"எல்லாமே பேர்லவுக். இலைக்கு ஒரு காம்பு, பாருங்கள். மைக்ளொக்சன் என்றால் ஒரே தண்டில் இரண்டு இலை வரும். உங்கள் தோட்டத்தில் அது எவ்வளவு வளர்ந்திருக்கிறது?"

ஃப்ராவ் வொல்ட்டர்ஸ் விரலால் காட்டினார். ஓர் அங்குலம். வேலியோரம் ஊசிபோலச் சுருண்ட முளைகள். ஓர் இலைகூட விரியவில்லை. பிடுங்க இலையே இல்லாத செடியை நான் பிடுங்கியிருக்க முடியாது. ஒரு நிமிடம் நடந்து போய்க் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் அந்த நிமிடத்தைக் குடிலுக்குள் நோய்க்குறி வாசிப்பதில் செலவழித்தேன்.

"எனக்கு வயிறு எரிகிறதே?" என்று ஹெர் வொல்ட்டர்ஸ் விடவில்லை.

"அதற்குப் பெயர் பச்சை மிளகாய்," என்றார் டாக்டர்.

மறு வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பிரிக்கத் துணிவில்லாமல் இரண்டு நாள் குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்திருந்தேன். குகன்தான் பிரித்து வாசித்தார். உரக்குழிக்குள் சோறு போட்டதற்குக் கண்டனம். ஓய்வு நேரத்தில் சைரன் ஒலித்த குற்றம் இம்முறை மட்டும் மன்னிக்கப்படுகிறது. கீழே பேனாவால் ஒரு வரி: கோடை விழாவுக்கு வடை கொண்டு வரவும், மிளகாய் பாதி.

தோட்டம் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வோர் ஏப்ரலும் நான் வடை சுடுகிறேன் (ஒவ்வோர் இலையையும் மணந்து, திருப்பி, காம்பை எண்ணி; ஒரு சட்டி நிரம்ப அரை நாள் போகும்). ஹெர் வொல்ட்டர்ஸ் முதல் வடையைக் கையில் எடுத்ததும், ஒரு வார்த்தை பேசாமல் கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுப்பார். பிறகுதான் கடிப்பார். அந்தப் பழக்கம் எங்கள் குடும்பத்துக்கும் தொற்றிவிட்டது. டோர்ட்முண்டில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்கு நான் கட்லெட் கொண்டு போனாலும், சிவம் அண்ணை தொடக்கம் அத்தனை பேரும் வரிசையாகக் கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைக்கிறார்கள்.

குகன் கடிகாரம் கட்டுவதில்லை. அவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்.