துறை வரலாற்றை நான் ஸ்டார்ட் செய்த நாள்

வரலாற்றைச் சொல்லச் சொன்னால் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துவிட வேண்டும். ஓட்டிக் காட்டுகிறேன் என்று கிளம்பக் கூடாது.

எங்கள் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் துறைக்குப் பொன்விழா வந்தபோது நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. துறைத்தலைவர் கூப்பிட்டு, "ஜெரோம், நம்ம டிபார்ட்மென்ட் வரலாற்றைப் பத்து நிமிஷம் பேசிடுங்க" என்றார். (வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.)

விசாரிக்க விசாரிக்க எனக்குப் புல்லரித்தது. துறை பிறந்தது திருவொற்றியூரில் ஒரு வாடகைக் குடோனில். ஆய்வகம் கிடையாது. முதல் பேராசிரியர் காசிமேட்டுக்குப் போய், உடைக்கப் போட்டிருந்த விசைப்படகு ஒன்றின் டீசல் இன்ஜினைக் கழற்றி, மீன் ஏற்றும் வண்டியில் வைத்துக் கொண்டு வந்திருக்கிறார். அந்த ஒரே இன்ஜினைப் பிரித்துப் பிரித்து மாட்டித்தான் முதல் மாணவர்கள் இன்ஜினியர் ஆனார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை புகைபோக்கி தெரிகிற இடமெல்லாம் பிறகு அவர்கள்தான்.

அந்த இன்ஜின் இன்னமும் எங்கள் ஆய்வகத்தில், சிமென்ட் மேடையில் சும்மா கிடந்தது. மாணவர்கள் வைத்த பெயர் மகாராணி. விழாவில் அவளை ஓட்டியே காட்டுவது என்று முடிவு செய்தேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ராயபுரத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். பையன் மேடையில் பேசுவதைப் பார்க்கட்டும் என்று என் அப்பா அவரையும் பெண் பிலோமினாவையும் விழாவுக்கு அழைத்துவிட்டார். பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன் என்று அவரும் சொல்லிவிட்டார்.

ஆய்வக உதவியாளர் அன்வர் பாயும் நானும் மகாராணிக்குப் பச்சை பெயின்ட் அடித்தோம். காற்று உள்ளே போகிற வாயில் இருந்த ஃபில்டர் துருப்பிடித்து அசிங்கமாகத் தெரிந்ததால் கழற்றிக் கடாசினேன். பிறகு எண்ணெய்.

"போதுமா பாய்?"

"இன்னும் ஊத்து சார். இத்தினி வருசமா பட்டினியா கீது, பாவம்."

ஊற்றினேன். (முனைவர் பட்டம் வாங்கியவன். அளவு பார்க்கிற கம்பியை எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.)

விழாவை ஆய்வகத்திலேயே வைத்தோம். சிறப்பு விருந்தினர் தெரேசா மேடம். துறையின் முதல் மாணவர்களில் ஒரே பெண். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் தலைமை இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். துணைவேந்தரிடமும் ராயபுரம் பேச்சுதான் பேசினார். அவருக்குப் பொன்னாடை போர்த்தி, மரத்தில் செய்த நினைவுக் கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள்.

நான் மைக்கைப் பிடித்தேன். குரலை உயர்த்தி, "நம் துறையின் வரலாறு தூங்குகிற வரலாறா? இல்லை. இதோ, ஓடுகிற வரலாறு!" என்று கையைக் காட்டினேன். அன்வர் பாய் கைப்பிடியைச் சுழற்றினார். மகாராணி இருமினாள், தும்மினாள், டுப் டுப் என்று ஓட ஆரம்பித்தாள். ஒரே கைதட்டல். பிலோமினா சிரிப்பது தெரிந்தது. தெரேசா மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அங்கேயே நின்றிருக்கலாம் மகாராணி. நிற்கவில்லை. டுப் டுப், டபடபவென்று மாறி, பிறகு ஊளையாகிவிட்டது. பதறிப்போய் டீசலை அடைத்தேன். வேகம் இன்னும் கூடியது. நான் ஊற்றிய எண்ணெய் மேலே ஏறி, அதையே குடித்துக்கொண்டு ஓடினாள். தரை அதிர்ந்தது. கரும்புகை ஆய்வகத்தை நிறைத்தது.

"வெடிக்கப் போவுது, ஓடுங்கோ!" என்று கத்திக்கொண்டே அன்வர் பாய் ஓடினார். துணைவேந்தர் அவரை முந்தினார். (அவருக்கு முட்டிவலி என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தோம்.) என் அப்பா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் ஓடத்தான் பார்த்தேன். மைக் ஒயர் காலில் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க இறுகியது.

புகைக்குள்ளிருந்து தெரேசா மேடம் நிதானமாக வந்தார்.

"இன்னா தம்பி, வரலாறு ஓடுதா?"

"மேடம், போயிடுங்க! டீசலை மூடிட்டேன், நிக்க மாட்டேங்குது!"

"டீசலையா துண்ணுது? எண்ணெயத் துண்ணுது. காத்த அடைக்கணும்."

சுற்றிலும் பார்த்தார். கையில் இருந்த கேடயத்தைத் திருப்பி, நான் ஃபில்டரைக் கழற்றிய வாயில் பட்டென்று வைத்து அழுத்தினார். உள்ளே இழுத்த வேகத்தில் பலகை ஒட்டிக்கொண்டது. மகாராணி விக்கினாள். ஒரு குலுக்கல். நின்றுவிட்டாள்.

மேடத்தின் முகமெல்லாம் கரி. இன்ஜினைச் செல்லமாகத் தட்டினார்.

"மொத வருசமே இப்டி ஒருவாட்டி ஓடுச்சு. எங்க சாரு செவுத்துல இருந்த கரும்பலகையப் புடுங்கி வச்சு அமுக்குனாரு. அத்த எழுதினியா உன் வரலாத்துல?"

எழுதவில்லை. அது யாருக்குமே தெரியாது.

ஒவ்வொருவராக உள்ளே தலையை நீட்டினார்கள். தெரேசா மேடம் கரி முகத்தோடேயே மைக் முன்னால் நின்று பேசினார். குடோனில் மழை ஒழுகியது, கழிப்பறைக்காக அடுத்த தெரு மாதா கோயிலுக்கு ஓடியது, வேலை கேட்டுப் போன இடத்தில் 'டைப்பிங் தெரியுமா' என்று கேட்டது, அவர்களுடைய பழுதான மோட்டாரை அங்கேயே உட்கார்ந்து பிரித்துச் சரிசெய்து காட்டியது எல்லாம் சொன்னார். நான் வரிவரியாக எழுதி மனப்பாடம் செய்ததெல்லாம் அதற்கு முன்னால் வெறும் காகிதம். கடைசியில் துணைவேந்தரைப் பார்த்து, "இந்தத் தம்பியத் திட்டாதீங்கோ. மிசினைக் கெடுக்காத இன்ஜினியரு எங்க கீறான்?" என்றார். வேலை பிழைத்தது.

கல்யாணமும் நடந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்கு யார் வந்தாலும் மாமனார் என் தோளில் கை போட்டுக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்: "அல்லாரும் ஓடிட்டாங்கோ. நம்ம மாப்ள ஒருத்தரு மட்டும் மிசினாண்ட அசையாம நின்னாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன்."

பிலோமினா பிரியாணிச் சட்டியிலிருந்து நிமிராமலே சொல்வாள்: "நைனா, அந்த ஒயரு மட்டும் மாட்டாம இருந்திருந்தா, இவரு அன்னிக்கே எண்ணூரைத் தாண்டியிருப்பாரு."

மாமனார் இதை நம்புவதே இல்லை. தங்கமான மனிதர்.