கழுதைக்கு எத்தனை பல்?

அந்த வெயில்காலம் முழுக்க மொராக்கோவின் மெக்னெஸ் நகரத்தில் அறிவு நான்கு காலில் நின்றது. ஹெதிம் சதுக்கத்துப் பாம்பாட்டி ஈ ஓட்டினான். குரங்காட்டியின் குரங்கு கொட்டாவி விட்டது. ஊரே ஒரு சாம்பல்நிறக் கழுதையைச் சுற்றி நின்றது. கழுதையின் பெயர் உஸ்தாத். வாத்தியார் என்று பொருள். பள்ளிக்கூட வாத்தியார்களே அதன் முன்னால் கைகட்டி நின்றபிறகு, பெயரில் குற்றம் சொல்ல நாம் யார்?

“கேளுங்க ஜனங்களே, கேளுங்க! இதுக்குள்ள ஒரு ஜின் குடியிருக்கு. அதுக்குத் தெரியாதது எதுவுமில்ல!” என்று முழங்கினான் கழுதைக்காரன் அல்லால். வெள்ளை அங்கி, மஞ்சள் செருப்பு, வெண்ணெய் தடவிய குரல்.

“ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்?” என்றார் ஒரு வாத்தியார்.

அல்லால் குனிந்து கழுதையின் காதில் கேள்வியை ஓதினான். குளம்பு தரையைத் தட்டியது. மூன்று தட்டு! சரியான விடை.

“தேனீக்கு எத்தனை கண்ணு?” ஐந்து.

“கத்தார் உலகக் கோப்பையில நம்ம பசங்க எத்தனாவது இடம்?” நான்கு. கூட்டம் குதித்தது. ஒருவன் கழுதைக்கு முத்தமே கொடுத்துவிட்டான்.

“பூனைக்கு எத்தனை உயிரு?” ஏழு. ஊர் நம்புவதும் ஏழுதான்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற இத்தோ மட்டும் கை தட்டவில்லை. அவள் வீட்டுப் பூனை போன மாதம் வண்டியில் அடிபட்டது. மிச்சமிருந்த ஆறு உயிரில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டு எழுந்து வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

அவள் வேடிக்கை பார்க்க வந்தவளும் அல்ல. அவள் புருஷன் ஹம்முவுக்கு வலது கண் அறவே போய்விட்டது. இடது கண்ணிலும் பால் படர்ந்துகொண்டிருந்தது. கண்புரை, அறுத்து எடுத்தால் பார்வை வரும், வியாழக்கிழமை வா என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். ஹம்மு கழுதையிடம் இரண்டாவது கருத்துக் கேட்டான். கழுதை வேண்டாம் என்று தட்டியது. அதற்குப் பதிலாக, தான் மூச்சுவிட்ட தண்ணீரைக் கண்ணில் விடச் சொல்வதாக அல்லால் விளக்கினான். அந்தத் தண்ணீரை அல்லால் பாட்டிலில் அடைத்து விற்றான்.

“நாளைக்கு வியாழக்கிழமைய்யா. தேதி தவறுனா இன்னும் ஆறு மாசம். அதுக்குள்ள இந்தக் கண்ணும் போயிரும்” என்றாள் இத்தோ, பக்கத்தில் நின்ற புருஷனிடம்.

“ஆக்டோபஸோட இதயமே தெரிஞ்சிருக்கு, என் கண்ணு தெரியாதா?” என்றான் ஹம்மு. “உஸ்தாத் சரின்னா போறேன்.”

இத்தோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவே போய் நின்றாள்.

“நான் ஒரு கேள்வி கேக்கலாமா?”

“தாராளமா அம்மணி! கடலப் பத்தியா, ஆகாசத்தப் பத்தியா?”

“அவ்வளவு தூரமெல்லாம் போக வேணாம். அதோட வாயில எத்தனை பல்லு இருக்கு?”

அல்லாலின் சிரிப்பு பாதியில் நின்றது. “உனக்கு விடை தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா எதுக்குக் கழுதையக் கேக்குறேன்?”

கூட்டம் சிரித்தது. “அது... உஸ்தாத்தோட அந்தரங்கம்” என்றான் அல்லால்.

“கேளுய்யா!” என்று நாலாபக்கமும் குரல் எழுந்தது. “அதோட சொந்தப் பல்லுதானே!”

வேறு வழியில்லை. அல்லால் குனிந்தான். கழுதை தட்டத் தொடங்கியது. முப்பத்திரண்டாவது தட்டில் அவன் நிமிர்ந்தான். கழுதை நின்றது. மனிதக் கணக்கைக் கழுதை வாயில் வைத்துவிட்டான் பாவம்.

கழுதை வியாபாரி மோஹா கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தான். “வயசு பாக்க முன்பல்லு மட்டும் பாப்பேன். மொத்தமா எண்ணுனதில்ல. இன்னைக்கு எண்ணிருவோம்.” நாக்கை ஒருபக்கமாக இழுத்துப் பிடித்து எண்ணினான். ஊரும் கூடவே எண்ணியது. முப்பத்தொன்று... முப்பத்திரண்டு... கடைவாயில் இன்னும் பல் இருந்தது. முப்பத்து மூன்று என்று சொன்னபோது பாதிக் குரல்கள் காணாமல் போயின. முப்பத்தொன்பதில் மோஹா நிறுத்தினான்.

“ஜின் களைச்சுப் போச்சு!” என்று அல்லால் கத்தினான்.

“ஜின்னு இருக்கட்டும். நீ ஏன் நிமிந்ததும் அது நிக்குது?” என்ற இத்தோ, அவனை நகர்த்திவிட்டு அவனைப் போலவே குனிந்தாள். “உஸ்தாத், வாரத்துக்கு எத்தனை நாளு?”

கழுதை தட்டியது. ஏழு வந்தது, போனது. பன்னிரண்டு, பதினைந்து... பத்தொன்பதில் இத்தோவுக்கு இடுப்பு வலித்தது. நிமிர்ந்தாள். கழுதை டக்கென்று நின்று, வழக்கமாகக் கிடைக்கும் பார்லிக்காக அவள் பையை முகர்ந்தது.

“வாரத்துக்குப் பத்தொன்பது நாளாம்! சம்பளம் எப்ப வரும்டா?” என்று எவனோ கூவினான். சதுக்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கியவர்களுக்கு மட்டும் சிரிப்பு வரக் கொஞ்ச நேரமானது; கோபம் அதற்கு முன்பே வந்தது. அல்லால் ஒரு மஞ்சள் செருப்பை விட்டுவிட்டு ஓடினான்.

ஹம்மு தலைகுனிந்து நின்றான். வெட்கமாக இருந்தது அவனுக்கு.

“இத்தோ, அப்ப என் கண்ணப் பத்தி அதுக்கு...”

“தன் வாய்க்குள்ள இருக்கறதே அதுக்குத் தெரியலய்யா.”

அவன் இடுப்பிலிருந்த பாட்டிலைத் திறந்து தண்ணீரைக் கழுதைக்கே ஊற்றினான். அது ஆவலாகக் குடித்தது. மறுநாள் காலையில் அவளுக்கு முன்னால் அவன்தான் செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அறுவை முடிந்து மறுநாள் கட்டுப் பிரித்ததும் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, “உனக்கு நரைச்சிருக்கே!” என்றான். இத்தோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

கழுதையை மோஹா வைத்துக்கொண்டான். அதன்மேல் யாருக்கும் வருத்தமில்லை. எல்லாம் தெரியும் என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. பார்லிக்காகக் காலைத் தட்டியது, அவ்வளவுதான். எல்லாம் தெரியும் என்று சொன்னவன் ஒரு மனிதன். அதை நம்பிக் காசு கொடுத்தவர்கள் ஊர் மனிதர்கள். அத்தனை பேரில் கழுதையின் வாயைத் திறந்து பார்க்கத் தோன்றியது ஒருத்திக்குத்தான். மற்றவர்களுக்கும் தலை இருந்தது; தொப்பி மாட்டப் பயன்பட்டது.