தொற்றில்லா நாள்: 412

விலைமதிப்பற்ற மனித உயிருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு நாளைக்கு நாலாயிரத்து இருநூறு ரூபாய். ஏசி வேண்டுமென்றால் மேலே அறுநூறு. அந்தத் தொகைக்கு அங்கிருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் கிடைத்த சுத்தம் உலகில் வேறெங்கும் கிடைக்காது. சாட்சி, வாசலில் தொங்கிய பலகை: ‘நோய்த்தொற்று இல்லாத நாள்: 412’. சுற்றியிருந்த ஆலைகள் ‘விபத்தில்லா நாள்’ எழுதி வைப்பதைப் பார்த்து நிர்வாகம் கற்றுக்கொண்ட உயர்ந்த வழக்கம் அது. கிருமிகள் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஹெலன் ஒரு போல்ட் கம்பெனியில் ஸ்டோர் பார்ப்பவள். அவளுடைய அப்பா ஆசீர்வாதத்துக்கு எழுபத்தெட்டு வயது. வயிற்றுப்போக்கென்று ஆட்டோவில் வந்தவர், தானே இறங்கி உள்ளே நடந்தார். கழிவறைக்கு நடந்தால் விழுந்துவிடுவார், விழுந்தால் அதற்கும் ‘நோயாளி விழாத நாள்’ என்று ஒரு பலகை உண்டு என்பதால், முதல் நாளே மூத்திரக் குழாய் மாட்டிப் படுக்க வைத்தார்கள். குழாயை எப்போது எடுப்பீர்கள் என்று ஹெலன் தினமும் கேட்டாள். பெரிய டாக்டர் வரட்டும் என்று தினமும் சொன்னார்கள். பெரிய டாக்டர் வரவில்லை. ஐந்தாம் நாள் குழாய் வழியே தொற்று ஏறிக் குளிர்காய்ச்சல் வந்தது.

பலகைக்கு ஆபத்து என்றதும் மருத்துவமனையே பதறியது. ‘தர அலுவலர்’ அன்புசெல்வன் ஓடி வந்தார்.

“பெரியவர டிஸ்சார்ஜ் பண்ணிட்றோம்மா. வீல்சேர்ல கேட்டாண்ட இட்டுக்கினு போயி, ஒரு டீ குடிச்சிட்டு, எமர்ஜென்சி வழியா உள்ள வாங்க. வெளியிலேர்ந்து வந்த காய்ச்சலா ஆயிடும்.”

“நாலு நாளா உங்க கட்டில்லதான சார் படுத்துகினு இருந்தாரு?”

“அது பழைய பேஷண்ட்டும்மா. இவரு புதுசு.”

கையெழுத்து விழுந்தால்தான் புது பேஷண்ட்டுக்கு மருந்து எழுத முடியும் என்று, ‘நோயாளியை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற படிவத்தையும் பரிவோடு நீட்டினார். அப்பாவின் உடம்பு கட்டிலோடு சேர்ந்து நடுங்கியது. ஹெலனைப் பார்த்து, நீ யாரும்மா என்று கேட்டார்.

பன்னிரண்டு வருஷமாக ஒரு பெட்டி போல்ட்டுக்குக்கூட எண்ணிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள் அவள். ‘நல்ல நிலையில்’ என்பதை அடித்துவிட்டு, ஸ்டோர் வழக்கப்படி கீழே எழுதிக் கையெழுத்திட்டாள்:

கொடுத்தது: அப்பா ஒருவர். சொந்தக் காலில்.

பெற்றது: அப்பா ஒருவர். வீல்சேரில்.

கூடுதல்: காய்ச்சல், நூற்று மூன்று டிகிரி.

குறைவு: நடை, பசி, என் பெயர்.

சேதம் நேர்ந்த இடம்: உங்கள் கட்டில், எண் பதினாறு.