இரவல் மோட்டார்

ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தபோது மாணிக்கராஜ் அதை இழுக்கவில்லை, தொட்டார், அவ்வளவே. இழுப்பதற்கும் தொடுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் நன்கு அறிவார். ஆனால், பழைய படகு மோட்டாரின் பிடியிலிருந்து அறுந்த கம்பி ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்போது, அந்த வேறுபாட்டைப் பொறுமையாகக் கேட்பதற்கு ஆள் கிடைப்பது அரிது.

சமையலறை ஜன்னலில் மனைவி லூயிசாவின் முகம் தோன்றியது.

"இன்னாங்க சத்தம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்குத்தான் அத்த அப்படிப் பார்த்துக்கினு நிக்கிறீங்களா?"

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் அவர்கள் வீட்டுப் பின்புறத்தில், தண்ணீர் நிரப்பிய டிரம்மின் விளிம்பில் அந்த மோட்டார் பொருத்தப்பட்டிருந்தது. அது அவர்களுடைய தேவாலயச் சபையைச் சேர்ந்த லாய்டுக்குச் சொந்தமானது. சுரங்கம் ஓடிய நாளில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் அதை வைத்துக்கொண்டு பேத்தமங்களா ஏரியில் படகு விட்டார். கப்பலேறும்போது லாய்டின் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் அதே ஏரிக்குச் சபையார் பிக்னிக் போவதென்று முடிவானதும், லாய்ட் தாமாகவே முன்வந்தார். மெத்தை விரித்த ஆட்டோவில் மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கி, "நீங்களே வெச்சிருங்க பிரதர், பழகிக்குங்க" என்றார்.

மாணிக்கராஜ் தயங்கினார். இரவல் வாங்கிய குடையைக்கூடத் துவைத்து மடித்துத் திருப்பித் தரும் மனிதருக்கு, இரவல் என்பதே ஒரு நோய். ஆனால் மறுப்பதும் முறையன்று. லாய்டின் மகன் டென்சிலுக்குத் தம் மகள் ஷைலாவைக் கொடுப்பதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் நாள் குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இன்று சனிக்கிழமை.

"அவரு அத்த உசுரா வெச்சிருக்கறவரு," என்றார் லூயிசா. "ஒரு மோட்டார ஒழுங்கா வெச்சிக்கத் தெரியாத வீட்லயா பொண்ணெடுக்கறோம்னு கேட்டா இன்னா சொல்வீங்க?"

"கேக்கறதுக்கு முன்னாடி சரி பண்ணிடறேன்."

இருசக்கர வாகன மெக்கானிக் ஃப்ரெடி வந்து, அறுந்த நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இதுக்கு இன்னா வயசுண்ணா?"

"எழுபதுக்கு மேல இருக்கும்."

"அப்ப ரிட்டயர் ஆனதுல தப்பில்ல. சைக்கிள் பிரேக் வயரு போட்டுரலாம்."

சைக்கிள் கம்பியின் நுனியிலிருந்த ஈயக் குண்டு, பிடியின் துளையைவிடச் சற்றுப் பெரியதாக இருந்தது. குண்டைத் தேய்த்துவிடலாம் என்றான் ஃப்ரெடி. தேய்த்த குண்டு என்றைக்காவது நழுவும், துளையைப் பெரிதாக்குவதே முறை என்றார் மாணிக்கராஜ். அரத்தை அவரே கையில் வாங்கிக்கொண்டார்.

"போதும்ணா. உள்ள போயிடுச்சு."

"ஒரு பக்கம் கொஞ்சம் கோணலா இருக்குது."

கோணல் நேரானது. நேரான அக்கணத்தில், துளையோடு சேர்ந்து பிடியின் காது உடைந்து தரையில் விழுந்தது. ஃப்ரெடி குனிந்து எடுத்துப் பார்த்தான்.

"இப்ப நேரா கீது" என்றான்.

அடுத்து, பழைய மொபெட் ஒன்றின் பிடியை மாட்டினார்கள். மொபெட் பிடிக்கு மொபெட் கேபிள்தான் பொருந்தியது. மொபெட் கேபிளோ ஒரு முழம் நீளம் அதிகம். அதைச் சுருட்டி வைத்ததில், உறைக்குள் கம்பி எங்கேயோ சிக்கிக்கொண்டது. எங்கே என்று கண்டறிய, ஃப்ரெடி கம்பியின் நுனியைக் கட்டிங் பிளேயரால் பிடித்துத் தூர நின்று இழுப்பது, மாணிக்கராஜ் டிரம்மின் அருகே நின்று கவனிப்பது என்று ஏற்பாடாயிற்று. மோட்டாரின் இரைச்சலில் பேச்சு கேட்காது.

"நான் டிரம்முல தட்டறேன். ஒண்ணு தட்டினா நிறுத்திடு."

"எனக்கே சொல்லித் தரீங்களா? எங்க அப்பா மைன்ஸ் ஷாஃப்ட்டுல மணிக் கணக்குக்கு ஆளுங்க கூண்ட ஏத்தி எறக்கினவரு. மணி கேட்டே வளர்ந்தவன்ணா நான்."

மோட்டார் கிளம்பியது. கம்பி சிக்கும் இடம் தெரிந்ததும் மாணிக்கராஜ் ஒருமுறை தட்டினார். ஃப்ரெடி உடனே தளர்த்தினான். மோட்டார் அடங்கி முனகியது. எதையும் ஒன்றுக்கு இருமுறை உறுதிசெய்வது மாணிக்கராஜின் வழக்கம். இன்னொரு தட்டு தட்டினார்.

ஃப்ரெடி தன் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்தான்.

மோட்டார் அலறியது. டிரம் அரைச்சுற்றுச் சுற்றி, சற்று யோசித்து, சமையலறைப் பக்கமாகச் சாய்ந்தது. தண்ணீர் படியேறி உள்ளே போயிற்று. மோட்டார் துவைக்கும் கல்லில் மோதி, மேல்மூடி நசுங்கியபின் ஓய்ந்தது.

"மறுபடி எதுக்குடா இழுத்த?"

"நீங்கதானே மறுபடி ஒண்ணு அடிச்சீங்க? கூண்டு ஓடும்போது ஒண்ணு அடிச்சா நிறுத்து. நிக்கும்போது ஒண்ணு அடிச்சா மேல தூக்கு. மைன்ஸ்ல அதான் ரூல்."

"நின்னுடுச்சான்னு உறுதிப்படுத்தத்தான் அடிச்சேன்."

"உறுதிப்படுத்தறதுக்கு மணியே கிடையாதுண்ணா."

கதவருகே லூயிசா துடைப்பத்துடன் நின்றார். விருந்தினருக்கென்று கரைத்து வைத்திருந்த அச்சு முறுக்கு மாவு, பாத்திரத்தோடு மிதந்து ஹாலுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"ஏரியையே வீட்டுக்குள்ள கொணாந்துட்டீங்க. இனிமே பிக்னிக்குக்கு எதுக்குப் பேத்தமங்களா?"

ஃப்ரெடி நசுங்கலைத் தட்டி எடுத்தான். தட்டிய இடத்தில் பெயின்ட் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்துக்கு மட்டும் பச்சை பூசியபோது, மூடியின் மற்றப் பகுதி அழுக்காகத் தெரிந்தது. மூடி முழுவதும் பூசியபோது, மோட்டாரே அழுக்காகத் தெரிந்தது. மாலைக்குள் மோட்டார் முழுவதும் பச்சையாயிற்று. உடைந்த காது வெல்டிங் கடையில் ஒட்டப்பட்டுப் பழைய பிடி தன் இடத்துக்குத் திரும்பியது. கேபிளும் அளவாக வெட்டப்பட்டு, சொன்ன சொல் கேட்டது.

லூயிசா அதை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"நல்லாத்தான் கீது. அதான் பயமா கீது. எழுபது வயசு மோட்டாரு, மாப்பிள்ளை மாதிரி நிக்குது. அவருக்கு இன்னா கண்ணு தெரியாதா?"

மாணிக்கராஜ் தம் வாழ்நாளில் முதன்முறையாக, நன்றாக முடிந்த ஒரு வேலையைக் கெடுக்க உட்கார்ந்தார். அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து மூடியின் மேல் தடவினார். துருவுக்குச் செங்கல் பொடி தூவினார். ஓரங்களில் அது சீராகப் படியவில்லை என்று தோன்றியதால், துடைத்துவிட்டு மீண்டும் தூவினார்.

ஞாயிறன்று லாய்ட், மனைவி மேபலுடனும் டென்சிலுடனும் வந்து சேர்ந்தார். மாணிக்கராஜ் இரவெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயாரித்து வைத்திருந்தார்: கேபிளில் ஒரு சிறு பழுது நேர்ந்தது. செய்தவர் யாரென்று அதில் எங்கும் இல்லை. அதற்குமேல் அவர் மனசாட்சி இறங்கிவர மறுத்தது.

லாய்ட் நாற்காலியில் உட்காரவில்லை. நேராகப் பின்புறம் சென்றார். மோட்டாரைச் சுற்றிவந்தார். பிடியை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். மூடியை விரலால் தொட்டு, விரலைப் பார்த்து, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"பிரதர்," என்று தொடங்கினார் மாணிக்கராஜ், "கேபிள்ல..."

"நான் குடுத்த மாதிரியே கீது பிரதர்."

வாக்கியம் வந்த வழியே திரும்பிப் போயிற்று.

"ஆமாங்க" என்றார் மாணிக்கராஜ். அந்த ஒரு சொல் நாக்கில் வேப்பங்காயாகக் கசந்தது.

பேச்சு சுமுகமாக முடிந்தது. புதுவருஷம் பிறந்து இரண்டாவது வாரம் கல்யாணம் என்று நாள் குறித்தார்கள். லாய்ட் முகம் மலர்ந்திருந்தது. "மோட்டார நான் இப்பவே எடுத்துக்கினு போறேன். பிக்னிக்குக்கு நானே கொணாறேன், உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று, தாமும் மகனுமாக அதைத் தூக்கிப்போய் ஆட்டோவில் வைத்தார்.

மாணிக்கராஜ் வாசலில் நின்றார். ஷைலாவின் வாழ்வு ஒரு பொய்யின் மேல் தொடங்குகிறதே என்ற எண்ணம் அவரை அரித்தது. சம்பந்தியை ஏமாற்றியாயிற்று. கல்யாணத்துக்கு முன்பாவது தனியே அழைத்து, முழு வாக்கியத்தையும் எழுவாயோடு சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்.

அப்போது மேபல், விடைபெறுவதற்காக லூயிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு, சற்றே குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஈஸ்டருக்கே அறுந்துபோன கேபிள சால்டர் வெச்சு ஒட்டி, 'பிரதர்கிட்ட குடுத்தா சரியாகி வந்துரும்'னு இவரு இங்க கொணாந்து எறக்கினப்பவே பாவம் வேணாம்னு சொன்னேன் சிஸ்டர், கேக்கல, இப்ப கல்யாணத்துக்கு வெச்சுக்குங்கன்னு எங்க பழைய ஜீப்பையும் உங்களுக்கே குடுக்கறாராம், நாளைக்குக் காலையில நாலு பேர வெச்சுத் தள்ளிக்கினு வருவாரு."