கண்ணாடியில் மூக்கை ஒட்டி நம்பர் பார்ப்பவர்

கார் ஓட்டுகிறவர்கள் உண்டு, கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு, கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நிற்கிறவர்களும் உண்டு. இந்த மூன்றிலும் சேராத நான்காவது இனம் ஒன்று நம் ஊரில் பெருகிவருகிறது. இவர் நம்பர் பார்ப்பவர். நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். கல்யாண மண்டபத்து வாசலில் எல்லோரும் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க உள்ளே போய்க்கொண்டிருக்க, இவர் மட்டும் யாரோ ஒருவருடைய காரின் முன்கண்ணாடியில் மூக்கை ஒட்டி, இரண்டு கைகளாலும் வெயிலை மறைத்துக்கொண்டு, உள்ளே மூலையில் பொடி எழுத்தில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் படித்துக்கொண்டிருப்பார். நிமிரும்போது முகத்தில் ஒரு துக்கம் தெரியும். கார்க்காரருக்காக அவர் படுகிற துக்கம் அது.

சாந்தாமணிக்கு வாய்த்த கிருபாசங்கர் இந்த இனத்தில் முதல் தரம். காந்திபுரத்தில் குளியலறைக் குழாய்கள் விற்கிறார். போவதும் வருவதும் பெட்ரோல் ஸ்கூட்டரில். ஆனால் மனசு குடியிருப்பது ஒரு மின்சார ஸ்போர்ட்ஸ் காரில். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கொஞ்ச காலம் செய்துவிட்டு நிறுத்திவிட்ட கார். இரண்டே பேர் உட்காரலாம். தரையோடு தரையாகக் கிடக்கும். கோவைப் பக்கம் மில்காரர் வீடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கிறது. பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். ஆனால் மூன்று வெர்ஷன் உண்டாம். பழசுக்குப் புதுசின் பம்பரை மாட்டி விற்றுவிடுவார்களாம். நம்பர் மட்டும்தான் பொய் சொல்லாதாம். அவரிடம் உள்ள லிஸ்ட்டின்படி ஐந்நூறுக்குக் கீழே என்றால் முதல் வெர்ஷன், பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். இதெல்லாம் சாந்தாமணிக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? சட்னி அரைத்துக்கொண்டிருந்தவளை மிக்ஸியை நிறுத்தச் சொல்லிச் சொன்னார் மனிதர்.

அவரிடம் மரியாதைக்கு மட்டும் குறைவே கிடையாது. "தப்பா நெனைக்காதீங்க, வண்டி அருமையான வண்டிங்க, ஆனா பாருங்க, உங்கள ஏமாத்திப்போட்டாங்க" என்பார். இத்தனை 'ங்க' போட்டுச் சொல்கிறவரை எப்படி அடிப்பது? இப்படித்தான் அந்தக் கார் வாங்கிய ஒன்றுவிட்ட மச்சான் ஒருவர் வீட்டுக்கு வருவதையே நிறுத்தினார். அதே காரை வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர் இவர்களைக் கண்டால் லிஃப்ட்டில் ஏறாமல் படியில் நடக்கிறார்.

மகள் நந்திதாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வரன் அமைந்தபோது சாந்தாமணி பயந்தது இதற்குத்தான். பையன் சாய்குமார் தேங்காய் நார் ஏற்றுமதி செய்கிறான். பெண்ணும் பையனும் சில மாதமாகப் பேசிப் பழகி, பிடித்துப்போய்ச் சொன்ன சம்பந்தம். உப்பும் சர்க்கரையும் தட்டு மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. அதுவரை எல்லாம் வெறும் பேச்சு. தட்டு மாற்ற வரும் அன்று, இருக்கிற கார்களை எல்லாம் விட்டுவிட்டு, பையன் மஞ்சள் நிறத்தில் அதே மின்சாரக் காரில் வருகிறான் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மில்காரர் ஒருவரிடம் வாங்கியதாம். மூன்றாவது வெர்ஷனாம்.

"ஏனுங்க, அந்தக் காருக்கிட்ட மட்டும் போயிராதீங்க" என்று சாந்தாமணி சொன்னாள். அவரும் பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். பையனின் அப்பா நஞ்சுண்டன் மழையைப் பற்றி ஒரு வார்த்தை, கொப்பரை விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசினார். கிருபாசங்கர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்; கண் மட்டும் ஜன்னல் வழியாக மஞ்சளாக எதையோ மேய்ந்துகொண்டிருந்தது. சாந்தாமணி காப்பி எடுக்க உள்ளே போய்த் திரும்புவதற்குள் நாற்காலி காலி. இளநீர் வந்துவிட்டதா என்று பார்க்கப் போயிருக்கிறாராம். இளநீருக்கு யார் சொன்னது?

அவள் வாசலுக்கு ஓடியபோது பட்டுவேட்டி மடித்துக்கட்டி, மூக்கைக் கார்க் கண்ணாடியில் ஒட்டி, எல்லாம் முடிந்திருந்தது. நிமிர்ந்தார். முகத்தில் அந்தத் துக்கம். பின்னாலேயே மொத்தப் பொள்ளாச்சியும் வந்து நின்றுகொண்டிருந்தது.

"தப்பா நெனைக்காதீங்க மாப்ள. முந்நூத்திச் சொச்சம் நம்பருங்க. இது முதல் வெர்ஷன். உங்கள ஏமாத்திப்போட்டாங்க."

நஞ்சுண்டனின் முகம் சுண்டிவிட்டது. பையனின் அம்மா சேலைத் தலைப்பைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, எம்பையன் விவரமில்லாதவன்னு இங்க வந்துதான் தெரிஞ்சுக்கோணுமா என்கிற மாதிரி சாந்தாமணியைப் பார்த்தாள். உள்ளே தட்டில் உப்பும் சர்க்கரையும் மாறாமல் இருந்தன. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

சாய்குமார் வாயைத் திறந்தான். மூடினான். பிறகு நந்திதாவை ஒரு தரம் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாச் சரியாத்தானுங்க மாமா இருக்கும். ஏமாந்துட்டேன்" என்றான்.

அவ்வளவுதான், இறுக்கம் விட்டு எல்லோர் முகமும் இளகியது. பையனுக்கு என்ன பணிவு, என்ன பொறுமை என்று பெண்வீட்டார் உருகினார்கள். அந்த உருக்கத்தோடேயே தட்டு மாறியது. சாந்தாமணிக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. தன் மகளுக்காவது, எதிர்த்து வாதாடாமல் இருக்கத் தெரிந்த ஒருத்தன் கிடைத்தானே.

சாப்பாடு முடிந்து, கைகூப்பி, வாரோமுங்க, போய்ட்டு வாங்க எல்லாம் ஆகி, வண்டிகள் தெருமுனை திரும்பின. மஞ்சள் கார் மட்டும் திரும்பி வந்து வாசலில் நின்றது. சாய்குமார் இறங்கினான். எதையாவது மறந்துவிட்டானோ என்று சாந்தாமணி முன்னால் போனாள். அவன் அவளைத் தாண்டி நேராகக் கிருபாசங்கரிடம் போனான்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க பாக்குற லிஸ்ட்டு இடது பக்கம் ஸ்டியரிங் இருக்குற வண்டிகளுக்குங்க. நம்மூரு வலது பக்க வண்டிக்கெல்லாம் நம்பர் தனியா ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கும். இதுல முந்நூறுன்னாலே மூணாவது வெர்ஷன்தானுங்க."

கிருபாசங்கர் ஸ்டியரிங்கைப் பார்த்தார். அது பிறந்ததிலிருந்தே வலது பக்கம்தான் இருந்தது. ஊரில் உள்ள அத்தனை கார்களிலும் அங்கேதான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை, அவ்வளவுதான். பல் டாக்டரும் மச்சானும் அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வந்தார்களா? வரவில்லை. "இருந்தாலும் பம்பர் மாத்துனதுதானுங்களே" என்றார். "பாத்துருவமுங்க" என்றான் மாப்பிள்ளை. இரண்டு பட்டுவேட்டிகளும் காருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தன.

சாந்தாமணி மகள் பக்கம் திரும்பினாள். "முன்னாடியே உனக்குத் தெரியுமா கண்ணு?"

"எத்தன தரம் போன்ல சொல்லியிருக்காரும்மா. தட்டு மாத்துற வரைக்கும் கார் நம்பரப் பத்தி வாயத் தொறந்தா கல்யாணத்துக்கு நான் மாட்டேன்னு சொல்லியிருந்தேன்."

சாந்தாமணி வாசலில் கிடந்த இரண்டு முதுகுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். "உங்கொப்பனாட்டமே இருக்குது. சொன்ன பேச்சு மட்டும் ஒரு நாளைக்காவது கேக்குது" என்றாள். நந்திதா, அது போதுமம்மா என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுக்க உள்ளே போனாள்.

ஐயா, உங்களிடம் ஒரு வார்த்தை. அந்தக் காரின் பெயரை இங்கே எங்கேயும் சொல்லவில்லை. நீங்கள் இரண்டாவது பத்தியிலேயே அதைக் கண்டுபிடித்து, மூன்று வெர்ஷன் என்றது தப்பு என்று உங்களுக்குள் திருத்தி, சரிபார்க்க இப்போது போனைக் கையில் எடுத்திருந்தால், மெதுவாகத் தலையைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒருவர் சற்று நேரமாக உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்.